மரை மேயும் புல்லும் மகாவலித் தண்ணீரும்



கடந்த ஆண்டு எங்கள் உயர்தர வகுப்பு மாணவிகள் கல்விச் சுற்றுலாவாக ஹோட்டன் சமவெளிக்குச் சென்றோம். விடியுமுன்பே கண்டியிலிருந்து பஸ் புறப்பட்டது. நுழைவாயிலில் எங்கள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். பிஸ்கட் பொதிகளின் உறைகளை அகற்றி, பிஸ்கட்டுகளைக் காகிதப் பைகளில் போடச் சொன்னார்கள். தண்ணீர்ப் போத்தல்களில் சுற்றியிருந்த மெல்லிய லேபலைக்கூட ஒவ்வொன்றாகக் கிழித்து எடுத்தார்கள். வெளியே நல்ல குளிர். வரிசையில் நின்ற எங்களுக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்தச் சின்ன லேபலில் அப்படி என்ன இருக்கிறது?" என்று ஒரு தோழி கேட்டாள். அங்கிருந்த அலுவலர் சிரித்துக்கொண்டே, "அது உங்களுக்குச் சின்னதுதான் மகள், மரைக்குச் சின்னதல்ல" என்றார்.

உள்ளே சென்றதும் அவர் சொன்னது விளங்கியது. வாகனத் தரிப்பிடத்துக்கு அருகில் பெரிய கொம்புகளுடன் ஓர் ஆண் மரை நின்றது. மனிதர்களைக் கண்டு அது ஓடவில்லை. யாரோ வைத்திருந்த பையை மோப்பம் பிடித்தபடி பின்னாலேயே வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் காட்டு விலங்கு ஒன்று மனிதனிடம் கையேந்தி நிற்பது நல்ல அறிகுறியா என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை. அந்தக் கேள்வியைத் தொடர்ந்து தேடி வாசித்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

மரை என்பது யார்?

இலங்கையில் வாழும் மான் இனங்களில் மிகப் பெரியது மரை. தமிழ்நாட்டில் இதைக் கடமான் என்பார்கள். சிங்களத்தில் கோனா. உலர் வலயக் காடுகளிலும் இது வாழ்கிறது. மத்திய மலைநாட்டின் குளிரிலும் வாழ்கிறது. ஆனால் திறந்த புல்வெளியில் மந்தையாக மேயும் மரைகளை எளிதாகக் காணக்கூடிய இடம் ஹோட்டன் சமவெளிதான். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008ஆம் ஆண்டு முதல் மரையை அழிவுக்கு உள்ளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் மரைகளுக்கு நேர்ந்தது துயரமானது. 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்பவர் வேட்டை நாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கொன்றதைப் பெருமையோடு புத்தகமாகவே எழுதினார். அக்காலத்தில் ஹோட்டன் சமவெளியில் யானைகளும் இருந்தன. இன்று அங்கே ஒரு யானையும் இல்லை. மரை மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்தது.

காட்டைக் காக்க வேண்டும் என்ற எண்ணமும் அதே நூற்றாண்டில்தான் வந்தது. 5000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாது விடும்படி தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 1873இல் ஆலோசனை கூறினார். கோப்பிக்கும் தேயிலைக்கும் மலைகள் மொட்டையாகிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆலோசனையின் பயனாகவே மலையுச்சிக் காடுகளில் ஒரு பகுதி நமக்கு மிஞ்சியது. ஹோட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டுப் பகுதி, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்த்து யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமையாக அறிவித்தது.

லேபல் செய்யும் கேடு

ஆடு, மாடு போல மரையும் அசைபோடும் பிராணி. அதன் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. தின்ற புல் முதல் அறையில் தங்கி, நுண்ணுயிர்களால் நொதித்து, மீண்டும் வாய்க்கு வந்து அரைபட்டு, பிறகுதான் அடுத்த அறைகளுக்குச் செல்லும். நன்றாக அரைபட்டால் மாத்திரமே அது அடுத்த அறைக்குக் கடக்கும்.

பொலித்தீன் அரைபடாது. நொதிக்கவும் செய்யாது. சாப்பாட்டின் உப்பும் எண்ணெயும் ஒட்டியிருப்பதால் மரை அதை விரும்பித் தின்னும். தின்றது முதல் அறையிலேயே தங்கிவிடும். நாளுக்கு நாள் அது உருண்டையாகச் சேர்ந்து புல்லுக்கு இடமில்லாமல் செய்துவிடும். வயிறு நிறைந்திருப்பதாக உணர்ந்துகொண்டே அந்தப் பிராணி பட்டினியால் சாகும். பாணும் பிஸ்கட்டும் கொடுப்பதும் நன்மையல்ல. புல்லுக்குப் பழகிய நுண்ணுயிர்களின் சமநிலை அதனால் குலைந்துபோகும். திருகோணமலை நகரில் குப்பை மேடுகளைக் கிளறும் புள்ளிமான்களுக்கும் இதே ஆபத்துத்தான்.

புல் ஏன் குறைகிறது?

மரைக்கு நாம் கொடுக்கும் பிஸ்கட் தேவையில்லை. அதற்குத் தேவை புல். புவியியல் பாடத்தில் நாம் படித்த பத்தனைப் புல்நிலம் அதுதான். ஹோட்டன் சமவெளியில் குட்டையான முகிற்காடும் திறந்த புல்வெளியும் மாறி மாறி அமைந்திருக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரையான தெளிந்த இரவுகளில் தாழ்ந்த பகுதிகளில் உறைபனி விழும். மரக்கன்றுகள் புல்வெளிக்குள் முளைத்து மேலோங்காமல் இருப்பதற்கு அந்த உறைபனியும் ஒரு காரணம். பகலில் மரை புல்வெளி ஓரக் காட்டில் ஒதுங்கும். மாலையில் மேய வெளியே வரும். அதற்கு இரண்டும் வேண்டும்.

இந்த வாழிடத்துக்குப் பல பக்கங்களிலிருந்து நெருக்கடி வருகிறது.

முதலாவது, கோர்ஸ் என்னும் முட்செடி. யூலெக்ஸ் என்றும் இதைச் சொல்வார்கள். மஞ்சள் பூக்களுடன் கண்ணைப் பறிக்கும். ஆங்கிலேயர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கே வேரூன்றியது. வளர்ந்த செடியின் அடர்ந்த முட்களுக்கு அடியில் மேயத்தக்க புல் வளராது. விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். இன்று வெட்டினால் நாளை முளைக்கும். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் தொண்டர்களும் இதைப் பிடுங்கி அகற்றி வருகிறார்கள். ஒருமுறை செய்து முடிக்கும் வேலையல்ல அது. ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலை.

இரண்டாவது, மண். 1960களில் இச்சமவெளியின் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். உரமிட்ட அந்த நிலங்களில் பழைய பத்தனைப் புல் திரும்பி வரவில்லை. அங்கே வெளியிலிருந்து வந்த புல் இனமே இன்றும் காணப்படுகிறது.

மூன்றாவது, காட்டு மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போவது. உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் கிளைகள் காய்ந்து, வெள்ளை எலும்பு போல் மரங்கள் நிற்பதை நாங்களும் பார்த்தோம். வறட்சி, மண்ணின் அமிலத்தன்மை, வளி மாசு எனப் பல காரணங்களை ஆய்வாளர்கள் எடுத்துக் கூறுகிறார்கள். ஒரு காரணம் மற்றொன்றுக்குத் துணைபோவதாகவே தெரிகிறது.

இவை அனைத்தையும் கூர்மையாக்குவது காலநிலை மாற்றம்.

மலைக்கு மேலே மலை இல்லை

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 1000 மீற்றர் மேலே ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹோட்டன் சமவெளி 2100 மீற்றருக்கு மேலே. ஆகவேதான் கண்டியில் விசிறி தேவைப்படும் நாளில் அங்கே கம்பளிச் சட்டை தேவைப்படுகிறது.

இப்போது கணக்கை மறுபக்கம் திருப்புங்கள். பூமியின் வெப்பம் 1 பாகை உயர்ந்தால், பழைய குளிரைத் தேடிச் செல்லும் செடியோ பிராணியோ சுமார் 150 மீற்றர் மேலே ஏறவேண்டும். கைத்தொழிற் புரட்சிக்கு முந்திய காலத்தோடு ஒப்பிட்டால் உலக சராசரி வெப்பம் ஏற்கெனவே 1 பாகைக்கு மேல் உயர்ந்துவிட்டது. தாழ்நிலத்தில் வாழும் உயிரினத்துக்கு ஏற ஒரு மலையாவது இருக்கலாம். ஹோட்டன் சமவெளியின் உயிரினங்கள் எங்கே ஏறும்? அங்குள்ள கிரிகல்பொத்தையும் தொட்டுபொல கந்தையும்கூட 2400 மீற்றரைத் தொடுவதில்லை. அதற்கு மேலே ஆகாயம்தான்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். மரை வெப்பத்தைத் தாங்காத பிராணியல்ல. வஸ்கமுவையிலும் வில்பத்துவிலும் அது வாழ்கிறது. ஆபத்து முதலில் வருவது அதன் மலைநாட்டு மேய்ச்சல் நிலத்துக்கு. உறைபனி குறைந்தால் புதர்கள் புல்வெளிக்குள் இறங்கும். வறண்ட மாதங்கள் நீண்டால் எண்ணெய்ப்பசை கொண்ட கோர்ஸ் எளிதில் தீப்பற்றும். மழை ஒரேயடியாகக் கொட்டினால் மெல்லிய மேல்மண் கழுவிச் செல்லப்படும். புல் சுருங்கினால் மரைகள் குறையும். மரைகள் குறைந்தால் அவற்றை இரையாகக் கொள்ளும் சிறுத்தைகள் தோட்ட லயன்களின் பக்கம் நாயையும் மாட்டையும் தேடி வரும். ஏற்கெனவே தேயிலை மலைகளில் சிறுத்தைக்கு அஞ்சிக் கொழுந்து பறிக்கும் தாய்மார் இருக்கிறார்கள். மேட்டில் ஒரு புல்வெளி சுருங்கினால் அதன் விலையைக் கீழே ஓர் ஏழைக் குடும்பம் கொடுக்க நேரிடும்.

கண்டிக்கு இதில் என்ன பங்கு?

மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரிய ஆறுகளுக்கும் நீர் கொடுக்கும் மேட்டுநிலம் ஹோட்டன் சமவெளி. முகில் மோதும்போது முகிற்காட்டின் இலைகளும் பாசிகளும் ஈரத்தைப் பிடித்து மண்ணுக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கின்றன. புல்வெளியின் சதுப்பான பள்ளங்கள் அந்த நீரை நிறுத்தி வைத்து மெல்ல விடுகின்றன. அங்கே ஊற்றெடுக்கும் அக்ரா ஓயா கொத்மலைப் பக்கமாக இறங்கி மகாவலியில் கலக்கிறது. அந்த மகாவலி பேராதனைப் பூங்காவை வளைத்து வருகிறது. கெட்டம்பேயில் அதன் நீரைச் சுத்திகரித்து நகரத்துக்கு அனுப்புகிறார்கள். வுழூச் செய்யவும் சோறாக்கவும் நாம் குழாயைத் திறக்கும்போது வரும் தண்ணீரில் மரை மேயும் நிலத்தின் பங்கும் இருக்கிறது.

கதை கண்டியோடு முடியவில்லை. நகரத்தைத் தாண்டியதும் பொல்கொல்லை அணைக்கட்டு. 1976 முதல் மகாவலி நீரின் ஒரு பகுதி அங்கிருந்து சுமார் 8 கிலோமீற்றர் நீளமான சுரங்க வழியாக உக்குவளை மின்நிலையத்துக்குச் செல்கிறது. பின்னர் அம்பன் கங்கையைச் சேர்ந்து வடக்கே உலர் வலயத்துக்குப் போகிறது. அந்நீரைப் பெறும் குளங்களில் ஒன்று மகாசேன மன்னன் கட்டிய மின்னேரியாக் குளம்.

மின்னேரியாவில் ஆண்டுதோறும் ஓர் அதிசயம் நடக்கும். வரண்ட மாதங்களில் வயல்களுக்கு நீர் விடப்பட்டுக் குளம் வற்றும். வற்றிய ஈரமான நிலத்தில் இளம்புல் தளதளவென்று முளைக்கும். சுற்றுக் காடுகள் காய்ந்து கிடக்கும் அந்நேரத்தில் யானைகள் குட்டிகளோடு அங்கே கூடும். சில நாட்களில் இருநூறு, முந்நூறு யானைகளைக்கூட ஒரே வெளியில் காணலாம். உலகின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் அதைப் பார்க்க வருகிறார்கள்.

2018இல் மொறகஹகந்த நீர்த்தேக்கம் செயற்படத் தொடங்கியது. அதன்பின் சில ஆண்டுகளில், வரண்ட காலத்திலும் மின்னேரியாவின் நீர்மட்டம் உயர்ந்தே இருந்தது. புல் முளைக்கவேண்டிய நிலம் தண்ணீருக்குள் கிடந்தது. யானைகள் மெலிந்துபோனதாகச் சூழலியலாளர்கள் கவலை தெரிவித்தார்கள்.

இதில் விவசாயி மீது குற்றமில்லை. மழை எப்போது வரும் என்று நம்ப முடியாத காலம் இது. நம்பிக்கை குறையக் குறைய, குளத்தை நிரப்பியே வைத்திருக்கத்தான் யாருக்கும் மனம் வரும். காலநிலை மாற்றம் யானையின் மேய்ச்சல் நிலத்தை வெயிலால் மட்டும் பறிப்பதில்லை. மனிதனின் அச்சத்தின் மூலமாகவும் பறிக்கிறது. புல் கிடைக்காத யானை பட்டினி கிடந்து சாகாது; வயலுக்கு வரும். பிறகு நடப்பதைச் செய்திகளில் பார்க்கிறோம். 2019ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 405 யானைகளும் 121 மனிதர்களும் இந்த மோதலில் உயிரிழந்தார்கள்.

இதற்குப் பெரிய அணையோ பெரும் செலவோ தேவையில்லை. எந்த மாதத்தில் எவ்வளவு நீரைத் திறப்பது என்று தீர்மானிக்கும் மேசையில் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் விவசாயியும் வனஜீவராசிகள் அலுவலரும் ஒன்றாக அமர்ந்தால் போதும். வயலுக்கும் நீர் கிடைக்கும். யானைக்கும் புல் முளைக்கும்.

வேலி போட்டால் போதுமா?

முன்னர் பாதுகாப்பு என்றால் ஒரு காட்டைச் சுற்றி எல்லைக் கல் நடுவது. இன்று அது போதாது. எல்லைக் கல் நகராது. மழையும் வெயிலும் நகர்கின்றன. பிராணிகள் அவற்றோடு நகர வழி வேண்டும். ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகும் பாதைகள் அடைபடாமல் இருக்கவேண்டும்.

கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டின் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் வரையாட்டுக்கும் மரையின் நிலைமைதான். அதுவும் சோலைக்காடும் புல்வெளியும் கலந்த மலையுச்சியில் வாழ்கிறது. அங்கேயும் வெளிநாட்டுச் சீகை மரங்கள் புல்லை விழுங்கின. தமிழ்நாடு அரசு 2022இல் வரையாட்டுக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. 2024 கணக்கெடுப்பில் அம்மாநிலத்தில் 1031 வரையாடுகள் எண்ணப்பட்டன. அத்திட்டம் ஆடுகளை எண்ணுவதோடு நிற்கவில்லை. அந்நியச் செடிகளை அகற்றிப் புல்வெளியை மீட்பதும் அதில் அடங்கும்.

அரபு நாட்டிலிருந்து ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெண்ணிறமான அரேபிய ஓரிக்ஸ் மான் 1972இல் காட்டில் முற்றாக அழிந்தது. கூடுகளில் வளர்த்தவற்றை 1982இல் ஓமான் பாலைநிலத்தில் விட்டார்கள். 1996 அளவில் அவை சுமார் 450 ஆகப் பெருகின. பிறகு திருட்டு வேட்டையால் மீண்டும் சரிந்தன. 2007இல் அந்தச் சரணாலயத்தின் பரப்பில் 90 சதவீதம் குறைக்கப்பட்டது. யுனெஸ்கோ தனது உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்து முதன்முதலாக நீக்கிய இடம் அதுதான். பிராணியை மீட்டும் நிலத்தைக் காக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

மேய்ச்சல் நிலத்தைக் காப்பது நமது வரலாற்றுக்குப் புதிதல்ல. ஹிமா என்பது ஒதுக்கிப் பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் நிலம். அறியாமைக் காலத்தில் குலத்தலைவர்கள் தமக்காக அதை வளைத்துக்கொண்டார்கள். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அதைப் பொதுநலனுக்குரியதாக மாற்றினார்கள். மதீனாவைச் சுற்றி மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள். ஹஸ்ரத் உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் ஹிமாவுக்குப் பொறுப்பாளரை நியமித்தபோது, சில ஆடு ஒட்டகங்களை மட்டும் வைத்திருக்கும் ஏழைகளை உள்ளே விடும்படி பணித்தார்கள். நிலத்தைக் காப்பதும் ஏழையை மறக்காதிருப்பதும் அங்கே ஒரே சட்டமாக இருந்தன. இஹ்ராம் அணிந்தவர் தரைவாழ் பிராணிகளை வேட்டையாடுவது தடுக்கப்பட்டிருப்பதையும் நாம் அறிவோம்.

நாம் செய்யக்கூடியவை

உலக வெப்பத்தை ஒரு பாடசாலையால் குறைக்க முடியாது. ஆனால் மரைக்கு வரும் கேடுகளில் சில நமது வீட்டிலிருந்தே புறப்படுகின்றன.

சுற்றுலாப் பயணங்களுக்குச் சாப்பாட்டைக் கட்டும்போது லஞ்ச் ஷீட்டைத் தவிர்ப்போம். உம்மாமாரே, வாழையிலையோ மூடியுள்ள பாத்திரமோ போதும். காட்டுப் பிராணிகளுக்கு எதையும் கொடுக்காமல் இருப்போம். அதுவும் அவற்றுக்குச் செய்யும் உபகாரம்தான். பிள்ளைகள் மரைக்குப் பக்கத்தில் நின்று படமெடுப்பதற்காகப் பிஸ்கட் நீட்டினால் தடுப்போம்.

வாப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள். மரை இறைச்சி, மான் வற்றல் என்று யாராவது இரகசியமாகக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். வாங்குபவர் இல்லையென்றால் சுடுபவர் இல்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அது குற்றமும்கூட.

தண்ணீரைச் சேமிப்போம். மேட்டிலிருந்து வரும் நீரை நாம் வீணாக்கினால் கீழே குளத்துக்கும் வயலுக்கும் யானைக்கும் பங்கு குறைகிறது. கோர்ஸ் செடி அகற்றும் தொண்டுப் பணிக்கு எங்கள் சுற்றாடல் கழகம் அனுமதி பெற்று ஒரு நாளை ஒதுக்கினால், அடுத்த சுற்றுலா வெறும் பார்வையோடு முடியாது.

அன்று திரும்பும் வழியில் பஸ் பேராதனைப் பாலத்தைக் கடந்தது. இருட்டில் கீழே மகாவலி ஓடும் சத்தம் கேட்டது. லேபலைக் கிழித்ததற்காகக் காலையில் கோபித்துக்கொண்ட தோழி என் பக்கத்தில் இருந்தாள். கையிலிருந்த வெறும் போத்தலைக் காட்டி, "இதை வீட்டிலேயே விட்டு வந்திருக்கலாமே" என்றாள். அடுத்த வாரம் அவள் பாடசாலைக்கு உருக்குப் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்தாள். இன்று எங்கள் வகுப்பில் அப்படிக் கொண்டுவருவோர் பதினொரு பேர்.